ஏழாம் இலக்கம்

பசைக்கு நான் துருசு போடுவதில்லை.
போட்டால் பூச்சி அண்டாது, சுவரொட்டி ஒரு மாதம் நிற்கும்.
ஆனால் இந்த ஊரில் மான்கள் இருக்கின்றன.
கோட்டைப் பக்கமிருந்து இரவில் இறங்கி வந்து
மாப்பசையின் வாசம் பிடித்து
லோயர் ஐயாவை நாடியிலிருந்து நக்கத் தொடங்கும்.
விடியும்போது பஸ் நிலையச் சுவரில்
நெற்றியும் திருநீறும் மட்டும் மிச்சம்.

இருபத்தாறு வருசம் அமைப்பாளர்.
சம்பளம் இல்லை.
மோட்டார் சைக்கிள் கட்சி தந்தது,
லீசிங் மிச்சம் நான் கட்டியது.
உப்புவெளி தொடங்கிச் சாம்பல்தீவுப் பாலம் வரை
எந்த வீட்டில் எத்தனை வாக்கு,
எந்த வீடு கனடா போய்ப் பூட்டிக் கிடக்கிறது,
எந்த வீட்டு நாய் கட்சி பாராமல் கடிக்கும்
இடாப்பு விரிக்காமலே சொல்லுவேன்.

இடாப்பில் இன்னும் மூன்று பெயர் இருக்கின்றன.
கூட்டிக்கொண்டு போய்த் திரும்பாத பிள்ளைகள்.
தாய்மார் வெட்ட விடவில்லை.
கிராம சேவகர் பேனையை மூடிவிட்டுத்
தேத்தண்ணியைக் குடித்தார்.

வேட்புமனுவுக்கு முதல் நாள் கொழும்பிலிருந்து போன்.
நாலு ஆசனத்துக்கு ஏழு பெயர் வேணும்,
ஆறுதான் இருக்கு.
"ஒரு கையெழுத்துப் போடுங்கோ அண்ணை,
சும்மா, நிரப்ப."
நிரப்பினேன்.
கச்சேரிப் படியில் செருப்பு அறுந்தது.
சகுனம் பார்க்கிற கட்சி இல்லை இது என்று
ஊசி குத்திக்கொண்டு நடந்தேன்.

லோயருக்கு மூன்று. எனக்கு ஏழு.
ஐந்து கிழமை, திருக்கடலூரில் வலை காயும் மணலில்,
பாலையூற்றில், லிங்கநகர் ஒழுங்கைகளில்
மூன்று விரலைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன்.
"சின்னத்துக்கு ஒரு புள்ளடி, மூன்றுக்கு ஒரு புள்ளடி.
வேற எங்கையும் கை வைக்க வேண்டாம்."
மீன் வெட்டும் மெற்றில்டா அக்கா
கத்தியை நிறுத்திக் கேட்டாள்:
"அப்ப ஏழு ஆர்?"
"அது சும்மா ஒரு ஆள்" என்றேன்.

எண்ணி முடிய விடிந்துவிட்டது.
லோயர் வென்றார்.
சந்தியில் வெடி கொளுத்தினோம்,
குப்பை மேய்ந்த மான்கள் சிதறி ஓடின.
முடிவுத் தாளின் அடியில், அப்பாவின் பெயரோடு
முழுதாய் இருந்தேன் நானும்:
கதிரிப்பிள்ளை விமலேந்திரன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.

"கட்டம் மாறிப் போட்டிருப்பினம்" என்றான் லோஜிதன்.
இருக்கும்.
நாலு நாலாய்ப் பிரித்த சீட்டில்
மூன்றுக்கு நேர் கீழே ஏழு.
கண்ணாடி மறந்து வந்த ஆட்கள்.
ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டு பேருமா?

பத்மாசனியைக் கேட்டேன்.
சட்டியிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"நீங்கள்தானே மூன்று எண்டனீங்கள்."
நல்ல கட்சிக்காரி.
நானும் மூன்றுக்குத்தான் போட்டேன்.

அன்றிலிருந்து
சந்தையில் ஒருவர் சிரித்தால் நின்றுவிடுகிறேன்.
இந்த ஒழுங்கைக் குழாய்க்காகத்தானே
பிரதேச சபைக்கு ஒன்பது தரம் அலைந்தேன்.
இந்த வீட்டுப் பிரேதத்தைக் கண்டியிலிருந்து கொண்டுவர
இரவு இரண்டு மணிக்கு வான் பிடித்துக் கொடுத்தேன்.
இவர்களாய் இருக்குமோ?
வாக்கு இரகசியம் என்று
இருபத்தாறு வருசம் நானே வீடு வீடாய்ச் சொன்னது,
இப்போது என் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது.

லோயர் இன்னும் ஊர்ப் பக்கம் வரவில்லை.
நன்றிச் சுவரொட்டி அனுப்பியிருக்கிறார்,
இருநூற்றைம்பது. படத்தில் அவர் மட்டும்.
இன்றிரவு ஒட்ட வேண்டும்.

கடையில் மா வாங்கினேன்,
வழக்கத்தைவிட ஒரு கிலோ கூட.
மீதிக் காசைத் தந்த கடைக்காரன்
ஒரு கணம் அதிகமாய் என்னைப் பார்த்தான்.
கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் நின்ற பிள்ளை
சீனி இருக்கா என்றது.